இருவரும் ஒருவரே

எழுபத்தாறு வயதில் கணினி விளையாட்டா என்று சிரிக்கப் போகும் நண்பர்களுக்கு முதலிலேயே ஒரு விளக்கம். துப்பாக்கி சுடுவது, கார் பந்தயம், பந்து அடிப்பது இதெல்லாம் எனக்கு ஆகாது. கை அந்த வேகத்துக்கு வராது, மனசும் வராது. நான் சொல்வது கதை விளையாட்டுகளை. ஒரு வீட்டுக்குள் போக வேண்டும், மேசை மேல் கிடக்கும் கடிதத்தைப் படிக்க வேண்டும், தோட்டக்காரரிடம் பேச்சுக் கொடுக்க வேண்டும், அதிலிருந்து அடுத்த வழி திறக்கும். துப்பறியும் நாவலின் பக்கத்தை நாமே புரட்டுகிற மாதிரி. அவசரம் கிடையாது. நடுவில் எழுந்து போய் காபி குடித்து விட்டு வரலாம்.

இந்த விளையாட்டுகள் எனக்குச் சொந்தமானவை அல்ல. என் மாமன் மகனுடையவை. பெயர் வேண்டாம், மச்சான் என்றே சொல்கிறேன். அறுபது வருடமாக அப்படித்தான் கூப்பிட்டேன். நம்ம ஊர்க் கதை உங்களுக்குத் தெரியும். 1956-ல் கையெழுத்தான ஒப்பந்தம் 1962 ஆகஸ்ட் 16-ல் நடைமுறைக்கு வந்தது. பிரெஞ்சுக் குடியுரிமை வேண்டுமென்றால் ஆறு மாதத்துக்குள் எழுதிக் கொடுக்க வேண்டும். என் தாய்மாமா எழுதிக் கொடுத்தார், என் அப்பா கொடுக்கவில்லை. ஒரே தெருவில் வளர்ந்து, ஒரே பள்ளியில் பிரெஞ்சு வழியில் படித்த நாங்கள் இருவரும் அதோடு இரண்டு நாட்டுப் பிள்ளைகள் ஆனோம். அவன் பிரான்சுக்குப் போய் சொல்தாவாக இருந்து, பிறகு தபால் இலாகாவில் கடிதம் பிரிக்கும் வேலையில் சேர்ந்தான். நான் இங்கே அரசு அலுவலகத்தில் எழுத்தர் ஆனேன். பென்ஷன் வாங்கிக் கொண்டு அவன் ஊர் திரும்பியபோது, இரண்டு பெட்டி நிறைய விளையாட்டு சிடிகள் கூடவே வந்தன.

அதற்குப் பிறகு பத்து வருடத்துக்கு மேல், வாரத்தில் மூன்று மாலை அவன் வீட்டு மாடியில்தான் இருப்பேன். அவனுக்குக் கண்ணில் பிரச்சினை, திரையில் வரும் எழுத்து தெரியாது. எலி அவன் கையில், வாசிப்பு என் வாயில். பிரெஞ்சில் வரும் வசனங்களை நான் சத்தமாக வாசிப்பேன், அவன் நடத்துவான். உச்சரிப்பு சறுக்கினால் நம் பழைய வாத்தியார் குரலில் திட்டுவான். என் வீட்டில் பிரெஞ்சு பேச ஆள் கிடையாது. மனைவி தமிழ் வழி, பிள்ளைகள் ஆங்கில வழி. கூடப் படித்தவர்களில் பாதிப் பேர் போய்ச் சேர்ந்து விட்டார்கள். ஆகவே அந்த மாடியில்தான் என் பிரெஞ்சு உயிரோடு இருந்தது என்று சொன்னால் அதில் மிகை இல்லை.

மச்சான் போன வருடத்துக்கு முந்தின வருடம் காலமானான். வீட்டை வாடகைக்கு விட முடிவானதும், பிரான்சில் இருக்கும் அவன் மகள் தொலைபேசியில் கேட்டாள். "மாமா, அப்பாவோட விளையாட்டையெல்லாம் தூக்கிப் போட மனசு வரல. பெட்டியை அப்படியே கொண்டு வரவும் முடியல. என் பிள்ளைங்க பார்க்கிற மாதிரி ஏதாவது பண்ணிக் கொடுக்க முடியுமா?" அவளுடைய இரண்டு பையன்களுக்குத் தமிழ் வராது. தாத்தாவை நான்கு முறை பார்த்திருப்பார்கள். அவர்களிடம் தாத்தாவைப் பற்றிச் சொல்ல இந்தப் பெட்டிகளை விட நல்ல வழி எனக்கும் தோன்றவில்லை. ஒப்புக் கொண்டேன்.

எண்ணிப் பார்த்ததில் 112 தலைப்புகள். என் பேத்தி கணினித் துறையில் இருக்கிறாள். ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்து சிடிகளைக் கணினிக்கு ஏற்றும் வழியைக் காட்டிக் கொடுத்தாள். பழைய விளையாட்டைப் புதிய கணினியில் ஓட வைக்க டாஸ்பாக்ஸ், ஸ்கம்விஎம் என்று இலவச மென்பொருள்கள் இருக்கின்றன. கடைசியாக அவள் போட்டுக் கொடுத்ததுதான் இந்தக் கட்டுரையின் விஷயம். லாஞ்சர் என்கிறார்கள். பிளேநைட், லாஞ்ச்பாக்ஸ், கோக் கேலக்ஸி என்று பல உண்டு. நான் வைத்திருப்பது அந்த வகையில் ஒன்று, எது என்பது முக்கியமில்லை. எல்லாம் செய்யும் வேலை ஏறக்குறைய ஒன்றுதான்.

லாஞ்சரை நம் பாஷையில் சொன்னால், நூலக அலமாரியும் அட்டவணையும் சேர்ந்த ஒன்று. கணினியில் அங்கங்கே கிடக்கும் விளையாட்டுகளை ஒரே இடத்தில் வரிசையாகக் காட்டும். படத்தின் மேல் அழுத்தினால் விளையாட்டு திறக்கும். ஆச்சரியம் என்னவென்றால் அந்தப் படத்தை நாம் தேட வேண்டியதில்லை. விளையாட்டு இருக்கும் கோப்புறையின் பெயரை எடுத்துக் கொண்டு, இணையத்தில் உள்ள ஒரு பெரிய தகவல் களஞ்சியத்திடம் கேட்கும். ஐஜிடிபி என்பது அப்படி ஒன்று. அங்கிருந்து அட்டைப்படம், பின்னணிப் படம், வெளிவந்த வருடம், செய்தவர்கள் பெயர், கதைச் சுருக்கம் எல்லாம் வந்து இறங்கும். ஸ்டீம்கிரிட்டிபி என்ற இடத்தில் ரசிகர்கள் தாங்களே வரைந்த அட்டைகளையும் போட்டு வைத்திருக்கிறார்கள். ஸ்டீம் கடை 2019-ல் தன் அலமாரியைப் புதுப்பித்தபோது, 600-க்கு 900 புள்ளி என்ற அளவில் புத்தக அட்டை போல நிமிர்ந்து நிற்கும் படங்களைக் கொண்டு வந்தது. அதன் பிறகு அந்த வடிவம் எங்கும் பரவி விட்டது.

பேத்தி ஒரு பொத்தானை அழுத்தினாள். சாம்பல் நிறத்தில் வெறும் கட்டங்களாக இருந்த திரை, ஒன்றன் பின் ஒன்றாக வண்ணம் பிடித்தது. ஒரு தேநீர் குடித்து முடிப்பதற்குள் 112 கட்டமும் நிறைந்து விட்டது. "முடிஞ்சுது தாத்தா" என்று சொல்லி விட்டுக் கிளம்பினாள். முப்பத்தெட்டு வருடம் பதிவேடு எழுதியவனுக்கு, முடிந்தது என்று யாராவது சொன்னால் சரிபார்க்காமல் தூக்கம் வராது. மச்சான் எழுதி வைத்திருந்த பட்டியலை ஒரு பக்கமும் திரையை ஒரு பக்கமும் வைத்துக் கொண்டு டிக் அடித்தேன். 87 சரியாக இருந்தன. 25 சரியில்லை.

இந்த இருபத்தைந்தைப் பற்றித்தான் சொல்ல ஆசை. எந்த லாஞ்சரானாலும் இது நடக்கும். அது பார்ப்பது பெயரை. பெயர் மட்டும் போதாது என்பது எத்தா சிவில் பதிவேடு பார்த்த நம் எல்லோருக்கும் தெரிந்ததுதானே?

இருபத்தைந்தில் ஒன்பது, பெயர் ஒன்று, ஆள் வேறு என்ற ரகம். 'அலோன் இன் த டார்க்' என்று ஒரு விளையாட்டு. 1992-ல் ஃப்ரெதெரிக் ரேனால் என்ற பிரெஞ்சுக்காரர் தலைமையில் இன்ஃபோகிராம் நிறுவனம் வெளியிட்டது. 1920-களில் நடப்பது. தெர்செத்தோ என்ற பழைய மாளிகைக்குள் தனியாகப் போய் மாட்டிக் கொள்ள வேண்டும். இன்று பார்த்தால் ஆட்கள் அட்டையில் வெட்டி ஒட்டியது போல இருப்பார்கள். ஆனாலும் மாடிப்படி கிறீச்சிடும்போது மச்சான் என் கையைப் பிடித்துக் கொள்வான். இதே பெயரில், ஒரு எழுத்து மாறாமல், 2008-ல் ஒரு விளையாட்டும் 2024-ல் ஒரு விளையாட்டும் வந்திருக்கின்றன. திரையில் எங்கள் பழைய விளையாட்டின் தலையில் 2024-ன் அட்டை ஏறி உட்கார்ந்திருந்தது. 'பிரின்ஸ் ஆஃப் பெர்சியா'வும் அப்படித்தான். 1989-ல் ஜோர்டன் மெக்னர் செய்தது ஒன்று, 2008-ல் யூபிசாஃப்ட் வெளியிட்டது ஒன்று. 'டூம்' 1993-லும் உண்டு, 2016-லும் உண்டு. 'டூம் ரெய்டர்' 1996-லும் உண்டு, 2013-லும் உண்டு. தாத்தா பெயரைப் பேரனுக்கு வைக்கும் வழக்கம் நம்மோடு நிற்கவில்லை போலிருக்கிறது.

நம் பதிவேட்டில் இதற்கு என்ன வழி? அப்பா பெயர், பிறந்த வருடம். இந்த இரண்டும் இருந்தால் ஒரு தெருவில் பத்து முருகேசன் இருந்தாலும் குழப்பம் வராது. லாஞ்சரிலும் வழி அதேதான். கோப்புறையின் பெயரோடு வருடத்தையும் எழுதி விட்டு, திரும்பத் தேடச் சொன்னால், இவரா அவரா என்று பட்டியல் போட்டுக் காட்டுகிறது. செய்த நிறுவனத்தின் பெயரைப் பார்த்து நாம் தேர்ந்தெடுக்கலாம். செய்த நிறுவனம்தான் இங்கே அப்பா. ஒன்பதும் ஒரே மாலையில் முடிந்தன.

அடுத்தது கொஞ்சம் சிக்கலான ரகம். பதினொன்று. ஆள் ஒன்று, பெயர் வேறு.

மச்சானுக்கு மிகவும் பிடித்த விளையாட்டு 'லே ஷெவாலியே த பாஃபோமே'. பாரிசில் ஒரு காபிக் கடை வாசலில் உட்கார்ந்திருக்கிறான் ஓர் அமெரிக்க இளைஞன். கோமாளி வேஷத்தில் ஒருவன் வந்து ஒரு பெரியவரின் கைப்பெட்டியைப் பிடுங்கிக் கொண்டு ஓட, கடைக்குள் குண்டு வெடிக்கிறது. அங்கிருந்து தாம்ப்ளியே வீரர்களின் ரகசியம் வரை கதை போகும். 1307-ல் நான்காம் ஃபிலிப் அரசர் அந்த வீரர்களை ஒரே நாளில் சிறைபிடித்ததைப் பள்ளியில் மனப்பாடம் செய்தவர்கள் நாங்கள். அதனால் எங்களுக்கு அது பாடப் புத்தகம் எழுந்து நடந்த மாதிரி இருந்தது. ஆனால் இதைச் செய்தவர்கள் பிரெஞ்சுக்காரர்கள் அல்ல, இங்கிலாந்தில் யார்க் நகரத்து ரெவல்யூஷன் சாஃப்ட்வேர் நிறுவனம். வருடம் 1996. அங்கே அதன் பெயர் 'ப்ரோக்கன் சோர்ட்'. அமெரிக்காவில் 'சர்க்கிள் ஆஃப் பிளட்' என்று விற்றார்கள். ஜெர்மனியில் இன்னொரு பெயர். லாஞ்சர் பெட்டியின் பெயரை வைத்துத் தேடி, பின்னால் வந்த வேறொரு பாகத்தின் அட்டையைக் கொண்டு வந்து விட்டது.

'அனதர் வேர்ல்ட்' என்று இன்னொன்று. எரிக் ஷாயி என்பவர் ஏறக்குறையத் தனி ஆளாகச் செய்து 1991-ல் வந்தது. பெட்டியின் மேல் இருக்கும் படத்தையும் அவரே வரைந்தார். அமெரிக்காவில் அதே பெயரில் ஒரு தொலைக்காட்சித் தொடர் ஓடிக் கொண்டிருந்ததால் 'அவுட் ஆஃப் திஸ் வேர்ல்ட்' என்று மாற்றினார்கள். ஜப்பானில் 'அவுட்டர் வேர்ல்ட்'. லியோன் நகரத்து ஆதெலின் நிறுவனம் 1994-ல் செய்த 'லிட்டில் பிக் அட்வென்ச்சர்', அமெரிக்கா போய் 'ரிலென்ட்லஸ்' ஆனது.

இதைப் பார்த்ததும் எனக்கு அலுவலகத்தில் கண்ட ஒரு கோப்பு ஞாபகம் வந்தது. எந்த அலுவலகம் என்று சொல்வதற்கில்லை. கணவர் இறந்து குடும்ப ஓய்வூதியத்துக்கு விண்ணப்பித்த ஓர் அம்மா. கணவரின் பிறப்புப் பதிவு பிரெஞ்சுக் காலத்தில் எழுதியது. உகர ஒலிக்கு பிரெஞ்சில் ஓ, யு என்று இரண்டு எழுத்து போடுவார்கள் அல்லவா? முருகேசன் என்ற பெயர் அங்கே எம், ஓ, யு, ஆர், ஓ, யு என்று தொடங்கி நீண்டு கிடந்தது. பணிப் பதிவேட்டில் ஆங்கில முறைப்படி எம், யு, ஆர், யு. இரண்டும் ஒரே ஆள் என்று தெருவுக்கே தெரியும். காகிதத்துக்குத் தெரியவில்லை. அந்த அம்மா பதினோரு மாதம் நடந்தார்கள். படிக்கட்டில் உட்கார்ந்து செருப்பைக் கழற்றிப் பாதத்தைப் பிடித்து விட்டுக் கொண்ட காட்சி இன்றும் என் கண்ணில் நிற்கிறது.

ஒரு மேலாளர், பழைய பதிவில் உள்ள பெயரைத் திருத்தி வாங்கி வாருங்கள் என்றார். என் பக்கத்து மேசையில் இருந்த தலைமை எழுத்தர் அதற்கு ஒப்பவில்லை. "அது அவங்க அப்பா அம்மா வச்ச பேரு. இதுவும் அவர் முப்பது வருஷம் கையெழுத்துப் போட்ட பேரு. எதையும் அழிக்க வேண்டாம். இருவரும் ஒருவரேன்னு ஒரு சான்று வாங்கிக் கோப்புல சேருங்க" என்றார். அப்படியே செய்தோம், ஓய்வூதியம் வந்தது. என் வேலைக் காலத்தில் கற்றுக் கொண்ட பாடங்களில் இது முக்கியமானது. ஒரு பெயரைச் சரி செய்வதற்காக இன்னொன்றை அழிக்கக் கூடாது. இரண்டையும் வைத்துக் கொண்டு நடுவில் ஒரு வரி எழுத வேண்டும்.

அந்தக் களஞ்சியத்தைச் செய்தவர்களும் அந்தப் பாடம் படித்தவர்கள்தான் போலும். ஒவ்வொரு விளையாட்டுக்கும் கீழே மாற்றுப் பெயர்கள் என்று ஒரு பகுதி வைத்திருக்கிறார்கள். அங்கே போய்ப் பார்த்து, இன்ன பெயரும் இன்ன பெயரும் ஒன்று என்று உறுதி செய்து கொண்டு, சரியான பதிவோடு இணைத்தேன். இணைத்ததும் லாஞ்சர் ஒரு காரியம் செய்தது. தலைப்பையும் தானாகவே ஆங்கிலத்துக்கு மாற்றி விட்டது. 'லே ஷெவாலியே' போய் 'ப்ரோக்கன் சோர்ட்' வந்து நின்றது. தகவல் சரிதான். ஆனால் மச்சான் வாயில் ஒரு நாளும் ப்ரோக்கன் சோர்ட் என்ற பெயர் வந்ததில்லை. "மச்சான், இன்னிக்கு பாஃபோமே போடலாமா?" என்றுதான் கேட்பான். அவன் பேரப் பிள்ளைகள் அலமாரியைத் திறக்கும்போது தாத்தா சொன்ன பெயர் அங்கே இருக்க வேண்டாமா?

ஆகவே ஒரு விதி வைத்துக் கொண்டேன். தலைப்பு, அவன் பெட்டியில் உள்ளபடி. குறிப்புப் பகுதியில் முதல் வரி, மற்ற நாட்டுப் பெயர்கள். வருடமும் செய்தவர் பெயரும் களஞ்சியத்தில் உள்ளபடி. பதினொன்றுக்கும் பதினோரு 'இருவரும் ஒருவரே' சான்று எழுதினேன். முத்திரைதான் இல்லை.

வரிசைப்படுத்துவதில் ஒரு நுணுக்கம். 'லே', 'லா' என்று பிரெஞ்சில் முன்னால் வரும் சிறு சொல்லை நூலக அட்டவணையில் கணக்கில் எடுக்க மாட்டார்கள். எடுத்தால் பாதிப் புத்தகம் ஒரே எழுத்தின் கீழ் வந்து குவிந்து விடும். லாஞ்சரில் தலைப்பு தனி, வரிசைக்கான பெயர் தனி என்று இரண்டு இடம் உண்டு. வரிசைக்கான பெயரில் அந்தச் சிறு சொல்லை விட்டு எழுதினால் போதும். திரையில் தலைப்பு முழுதாகத் தெரியும், வரிசை ஒழுங்காக நிற்கும்.

இனி அட்டைப்படம். தானாக வந்த படங்கள் அழகானவை, ஒப்புக் கொள்கிறேன். ஆனால் மச்சானின் சிடி உறைகளில் அவன் கையெழுத்து இருந்தது. தபால் இலாகாக்காரனுக்கே உரிய சின்னச் சின்ன எழுத்து, நீல மை. தொடங்கிய தேதி, முடித்த தேதி, ஒரு வரிக் கருத்து. 'வெர்சாய் 1685' என்று ஒரு விளையாட்டு. பிரான்சின் அருங்காட்சியகங்களின் அமைப்போடு சேர்ந்து க்ரியோ நிறுவனம் 1996-ல் செய்தது. பதினான்காம் லூயி அரசரின் அரண்மனையை அறை அறையாகக் கட்டிக் காட்டியிருப்பார்கள். நாம் அரசருடைய பணியாட்களில் ஒருவராக ஒரு நாள் முழுவதும் ஓடி ஒரு சதியை முறியடிக்க வேண்டும். அதன் உறையில் பிரெஞ்சில் எழுதியிருந்தான்: "நேரில் போனபோது கூட்டம். இதில் கூட்டம் இல்லை." 'சிபேரியா' என்பது பெல்ஜியத்துச் சித்திரக்கதை ஓவியர் பெனுவா சோக்கால் படைத்தது, 2002. ஒரு தொழிற்சாலையை விற்கும் பத்திரத்தில் கையெழுத்து வாங்க வரும் பெண் வக்கீல், ஊருக்குள் நுழையும்போதே முதலாளி அம்மாவின் சவ ஊர்வலம் எதிரே வருகிறது. செத்துப் போனதாக எல்லோரும் நம்பிய தம்பி உயிரோடிருப்பது நோத்தேர் வைத்திருக்கும் ஒரு கடிதத்தில் தெரிகிறது. அந்த உறையில் மச்சான் எழுதியது: "இந்தக் கோப்பை என் மச்சானிடம் கொடுத்திருந்தால் ஒரு வாரத்தில் வாரிசைக் கண்டுபிடித்திருப்பான்."

படித்து விட்டுக் கொஞ்ச நேரம் கணினியை மூடி வைத்தேன்.

பிறகு பேத்தியைக் கேட்டேன், நம் சொந்தப் படத்தை அட்டையாக வைக்க முடியுமா என்று. தாராளமாக முடியும். கடையில் கொடுத்து 112 உறைகளையும் ஸ்கேன் எடுத்தேன். இணையத்தில் வந்த அட்டையை முகப்பாக விட்டு, கையெழுத்து உறையைப் பின்னணிப் படமாக வைத்தேன். விளையாட்டைத் தேர்ந்தெடுத்தால் திரை முழுவதும் தாத்தாவின் எழுத்து விரியும். அவன் கருத்துகளைக் குறிப்புப் பகுதியில் பிரெஞ்சில் அப்படியே தட்டச்சு செய்தேன். உறையில் மை மங்கிய இடங்களுக்கு அவன் பழைய டாஸ் கணினியில் அடித்து வைத்த பட்டியல் உதவியது. அதில் ஒரு வேடிக்கை. தலைக்கோடு போட்ட பிரெஞ்சு எழுத்தெல்லாம் இன்றைய விண்டோஸில் வேறு வேறு குறிகளாக நிற்கின்றன. அந்தக் காலத்து எழுத்துக் குறியீட்டு எண்ணும் இந்தக் காலத்து எண்ணும் வேறு. எது எந்த எழுத்து என்று வாசித்தவுடன் தெரிந்து திருத்த, அந்தக் காலத்துப் பள்ளிக்கூடம் கை கொடுத்தது.

இந்த வேலையில் இறங்க நினைக்கும் நம் வயதுக்காரர்களுக்கு மூன்று சொல். விளையாட்டு இல்லாவிட்டாலும், பழைய பாட்டு, புகைப்படம், புத்தகம் எதைக் கணினியில் அடுக்கினாலும் இது பொருந்தும். ஒன்று, தானாகத் தகவல் இறக்கும் வேலையை முதலிலேயே முடித்து விடுங்கள், கையால் திருத்துவது அதற்குப் பிறகு. இரண்டாவது, மறுபடி எப்போதாவது இறக்க நேர்ந்தால், காலியாக இருப்பதை மட்டும் நிரப்பு என்ற விருப்பம் இருக்கிறதா என்று பார்த்து அதையே தேர்ந்தெடுங்கள். இல்லாவிட்டால் மூன்று மாதம் கையால் எழுதியதன் மேல் யந்திரம் ஒரே நிமிடத்தில் தன் எழுத்தை எழுதி விடும். மூன்றாவது, வெளி வட்டு ஒன்றில் முழுப் பிரதி எடுத்து வேறு வீட்டில் வையுங்கள். ஆவண அறையில் கரையான் பார்த்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

மச்சான் மகளுக்கு வட்டு போய்ச் சேர்ந்து ஒரு மாதம் ஆகிறது. பெரிய பையனுக்குப் பதின்மூன்று வயது. தாத்தா எந்தெந்த விளையாட்டை முடித்தார், எதைப் பாதியில் விட்டார் என்று பார்த்துக் கொண்டு, பாதியில் விட்டவற்றை வரிசையாக முடிக்கக் கிளம்பியிருக்கிறானாம். சந்தேகம் வந்தால் எனக்கு எழுதுகிறான், பிரெஞ்சில். நானும் பதில் எழுதுகிறேன். போன வாரம் ஒரு சொல்லைத் தவறாக எழுதியிருந்தான், அவன் தாத்தா பாணியிலேயே கண்டித்தேன்.

களஞ்சியத்தில் அகப்படாத ஐந்து பாக்கி இருந்தன என்று கணக்குப் பார்த்தவர்களுக்குத் தெரிந்திருக்கும். நான்கு, பத்திரிகையோடு இலவசமாக வந்த சிறு விளையாட்டுகள். அவற்றின் உறையையே அட்டையாக வைத்துக் கையால் பதிந்தேன். ஐந்தாவது, பெயர் அச்சடிக்காத ஒரு வெறும் சிடி. எந்தக் கணினியிலும் திறக்கவில்லை. மேலே நீல மையில் இரண்டே சொல், 'அ ரெஃபேர்'. திரும்பச் செய்ய வேண்டும் என்று அர்த்தம். விளையாட்டையா, சிடியையா, வேறு எதையாவதா, கேட்க ஆள் இல்லை. பட்டியலில் 112-ஆவது வரியாக அந்த இரண்டு சொல்லையே தலைப்பாகப் போட்டேன். வருடம் என்ற இடத்தையும் செய்தவர் என்ற இடத்தையும் காலியாக விட்டேன். அட்டைப்படம் வைக்கவில்லை. திரையில் அது ஒன்று மட்டும் சாம்பல் நிறக் கட்டமாக இருக்கிறது.